திங்கள், புதன், சனி

மெகா சீரியல் பார்க்கிற ஆண்பிள்ளைக்கு என்னைக் கட்டிக்கொடுப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பெண் கேட்டு வந்தபோது சொன்னதெல்லாம் வேறு. விசைப்படகு ஓட்டுகிறவர், எந்தக் காற்றுக்கும் அசராதவர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்றார்கள். இரவு எட்டு மணி அடித்தால் அம்மாவோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு அக்காவும் தங்கச்சியும் போடுகிற சண்டைக்குக் கண் கலங்குவார் என்பதை மட்டும் ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை.

எனக்கு சீரியல் என்றால் ஆகாது. அழுகிறவளின் முகத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்தாலே எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கத் தோன்றும். ஆனால் கதை சொல்லும் வேலை என் தலையில்தான் விழுந்தது. எங்கள் தீவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாள் கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் மீன்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. சீரியலோ திங்களில் தொடங்கி சனி வரை ஓடும். ஆக, பாதிக் கதை அவருக்குக் கடலில் போய்விடும்.

மறுநாள் காலையில் வந்து, மீன் கவிச்சியோடு, குளிக்கக்கூடப் போகாமல் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு கேட்பார்.

"நேத்து என்னாச்சு?"

"பெரியவ அழுதா. சின்னவளும் அழுதா. அம்புட்டுத்தான்."

"எதுக்கு அழுதா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்கன தோசை சுட்டுக்கிட்டு இருக்கேன்?"

"ஒழுங்காச் சொல்லுடி. நீ சொல்றதக் கேட்டா பத்து வருசக் கதையும் ஒரே மாதிரி இருக்கு."

அவருடைய அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அது வேறு தொல்லை. மாமி கதையை நடித்தே காட்டுவார். நடுநடுவே வில்லியைச் சாபம் விடுவார். போன வாரத்துக் கதையும் இந்த வாரத்துக் கதையும் ஒன்றாகக் கலந்து, செத்துப்போனவன் எழுந்து வந்து கல்யாண விருந்து சாப்பிடுவான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். செல்போனில் பாருங்களேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு சீரியல் என்றால் பாய், பெரிய திரை, பக்கத்தில் வெற்றிலை இடிக்கிற அம்மா. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்தக் கதை சொல்லும் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் சீரியலைப் பதிவுசெய்து வைக்கிற அந்தப் பெட்டியை நான் செய்தேன். அன்பு, காதல் என்றெல்லாம் பெரிய பேச்சு வேண்டாம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் அதை அழித்துவிட்டு வேறு போட்டுக்கொண்டார்கள். எனக்கு அழிக்கத் தெரியவில்லை, அதனால் அதையே கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். அதன் முதலாளி கடையை மூடிக்கொண்டு மதுரைக்குப் போனபோது, தூக்கிப் போடவிருந்த கம்ப்யூட்டர் ஒன்றை எனக்குக் கொடுத்தார். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும், லினக்ஸ் போட்டால் குறை சொல்லாமல் நடக்கும். டிஷ்ஷிலிருந்து வரும் கம்பியைக் கம்ப்யூட்டரில் சொருகுகிற டியூனர் கார்டு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். காசு கட்டாமல் வருகிற சேனல்களை அது பிடிக்கும். நல்லவேளையாக அவருடைய சீரியல் வந்தது அப்படி ஒரு சேனலில்தான்.

கார்டைச் சொருகினால் லினக்ஸுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. கறுப்புத் திரையில் வரிசையாகப் பிழைகள். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னா சொல்லுது?"

"டிரைவர் இல்லையாம்."

"நான் இங்கனதான நிக்கிறேன்?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். சரியான கோப்பைத் தேடிப் பிடித்துப் போடும்வரை அந்த நகைச்சுவையைத் தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

டிஷ்ஷைத் திருப்பியது அவர்தான். மாடியில் நின்றுகொண்டு அவர் திருப்ப, கீழே ஜன்னலோரம் திரையைப் பார்த்து நான் கத்த வேண்டும். "இன்னும் கொஞ்சம் கெழக்க", "ஐயோ போச்சு", "அங்கனயே நில்லுங்க, அசையாதீங்க". கடைசியில் சிக்னல் கோடு பச்சைக்கு வந்து நின்றது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்தப் போல்ட்டும் ஒரு வருஷம் தாங்காது. அவர் படகு இன்ஜினுக்குப் போடுகிற கிரீஸைக் கொண்டுவந்து டிஷ்ஷின் எல்லா முடுக்கிலும் அப்பினார். காக்காய்கூட அதன்மேல் உட்கார வழுக்கியது.

முதல் பதிவு ஒரு கூத்து. அந்த சேனலில் நிகழ்ச்சி அட்டவணை வராது. எந்தக் கிழமை, எத்தனை மணி என்று நாம் சொல்லிவைத்தால், அந்த நேரத்தில் என்ன ஓடுகிறதோ அதைப் பிடித்துவைக்கும். சீரியலா சமையலா என்று அதற்குத் தெரியாது. நான் திங்கள், புதன், சனி என்று கிழமைகளுக்கு எதிரே டிக் போட்டு, இரவு எட்டு மணி என்று கொடுத்திருந்தேன். ஆனால் லினக்ஸை ஏற்றும்போது ஊரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதால், பெட்டி லண்டன் நேரத்தில் இருந்தது. அதற்கு எட்டு மணி ஆனபோது ராமேஸ்வரத்தில் ஊரே உறங்கிவிட்டது. மறுநாள் மனுஷன் குளித்து, சாப்பிட்டு, பாயை விரித்து ஆசையாகப் போட்டால், மூட்டுவலித் தைலம் விற்கிறவன் பேசிக்கொண்டே இருக்கிறான். சீரியல் இதோ வந்துவிடும் என்று இவர் கடைசிவரை பார்த்திருக்கிறார். எழுந்து வந்து, "அந்தத் தைலம் ஒன்னு வாங்கலாமா?" என்று கேட்டார்.

நேரத்தைச் சரிசெய்தேன். சேனல்காரன் சில நாள் முந்துவான், சில நாள் பிந்துவான் என்பதால் முன்னாலும் பின்னாலும் ஐந்து நிமிஷம் கூட்டிவைத்தேன். திரையில் வருவதெல்லாம் தமிழில் வரும்படி செய்தேன். பாதியில் நிறுத்திய பதிவை மறுபடி போட்டால், "விட்ட இடத்திலிருந்து தொடரவா? முதலிலிருந்தா?" என்று கேட்கும். அவர் பாதி நாள் பார்த்துக்கொண்டே உறங்கிவிடுகிறவர். ஆனாலும் ஒரு நாளும் விட்ட இடத்திலிருந்து போட்டதில்லை. "முதல்லருந்து பாத்தாத்தான் ஒரு இதுவா இருக்கும்" என்பார். மாமியும் முதல் நாளே பார்த்த கதையை அவரோடு சேர்ந்து இன்னொரு தடவை பார்ப்பார். என்ன நடக்கும் என்று சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. மாமி வாயைத் திறக்கமாட்டார். வில்லி கதவுக்குப் பின்னால் ஒளிவதற்கு முன்னாலேயே நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

மாமிக்கு எழுத்துத் தெரியாது, மணி பார்க்கவும் வராது. ஆனால் பெட்டியின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. பதிவாகும்போது அது துடிக்கும். அதை மாமி கண்டுபிடித்துவைத்திருந்தார். விளக்கு துடித்தால் மகன் கடலில் இருக்கிறான், துடிக்காவிட்டால் வீட்டில் இருக்கிறான். அவருக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான், அது சரியாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து சனிக்கிழமைப் பதிவைப் போட்டார். பாதி ஓடிக்கொண்டிருந்தபோது உப்பூரிலிருந்து அவருடைய சித்தி வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். நிறுத்தினார். பிறகு சாப்பாடு, பேச்சு, அவர்களை பஸ் ஏற்றிவிட்டது என்று பொழுது போய்விட்டது. திங்கள் காலையில் டிபன் தூக்கை வாங்கிக்கொண்டு, "செவ்வாக்கெழம ரெண்டையும் சேத்துப் பாத்துக்கிறேன். வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பொழுது சாய்ந்தபிறகு திடீரென்று காற்று மாறியது. படகின் அடிப்பலகை ஒன்று விட்டுப்போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. கூட இருந்த மூன்று பேரும் பக்கத்துப் படகில் ஏறிக்கொண்டார்கள். இவர் பம்பை ஓட்டிப் பார்க்கிறேன் என்று இன்ஜின் ரூமுக்குள் இறங்கினார். இறங்கியவர் ஏறவில்லை, படகு அப்படியே மூழ்கிப்போய்விட்டது. அவர்கள் மூன்று பேரும் என் முன்னால் நின்று, தலையைத் தூக்காமல் இதைச் சொன்னார்கள். எட்டு மணி இருக்கும் என்றார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டில் மாமிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

எல்லாப் படகும் போய்த் தேடின. கடலோரக் காவல்படையும் தேடியது. ஒரு டீசல் கேனும் அவருடைய டிபன் தூக்கின் மூடியும் கிடைத்தன. அவர் கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் இழவு விழுந்த வீட்டில் டி.வி.யை வெள்ளைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் துணியை எடுப்பது. பக்கத்து வீட்டு அக்கா துவைத்து மடித்த வெள்ளைத் துணியோடு வந்தார். மாமி எழுந்து டி.வி.க்கு முன்னால் போய் நின்றார்.

"யாரு செத்தா இங்கன? எம்புள்ள கடலுக்குல்ல போயிருக்கான். வந்துருவான். துணியத் தூக்கிட்டுப் போ."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். மாமி அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தார். பூசை கிடையாது, கறுப்புக் கொடி கிடையாது, யாரும் வாசலில் உட்கார்ந்து அழக்கூடாது.

எனக்கு மாமிமேல் அவ்வளவு கோபம் வந்தது. பெற்றவளுக்கு நம்பிக்கை இருக்கலாம். இன்ஜின் ரூமுக்குள் இறங்கினார் என்று என் காதால் கேட்டவள் நான். எனக்கு அழ வேண்டும். மண்ணில் விழுந்து, தலையை விரித்துப்போட்டு, நாலு பொம்பளைகள் என்னைப் பிடித்துக்கொள்ள அழ வேண்டும். இழவே இல்லாத வீட்டில் நான் எப்படி அழுவது? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராத்திரி மாமி என்னைக் கூப்பிட்டார். டி.வி. ஓடவில்லை. அவர் போனதிலிருந்து மாமி அதைப் போடவே இல்லை, மகன் வந்ததும் சேர்ந்து பார்க்கத்தான் இருந்தார். பாயும் விரிக்காமல், பெட்டிக்கு முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, அடுத்த வீட்டுல சீரியல் பாட்டுக் கேக்குது. நம்ம பெட்டியில வெளக்கு எரியலையே. இன்னைக்கு ஏன் புடிக்கல?"

"இன்னைக்கு செவ்வாக்கெழம மாமி."

"செவ்வாக்கெழமன்னா? அவன் இன்னும் கரைக்கு வரலைல்ல?"

மாமி பெட்டியின் முகப்பை விரலால் தட்டினார்.

"நடுவுல நடுவுல விட்டா அவனுக்குக் கத எப்புடிப் புரியும்? வந்து உன்னையத்தான கேப்பான். எல்லா நாளும் புடிக்கச் சொல்லு."

நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். திங்களுக்கும் புதனுக்கும் சனிக்கும் எதிரே டிக் இருந்தது. அவர் எப்போது கடலில் இருப்பார், எப்போது என் பக்கத்தில் இருப்பார் என்பது அப்படியே அந்த ஒரு வரிசையில் இருந்தது. செவ்வாய்க்கு எதிரே டிக் போட்டேன். வியாழனுக்குப் போட்டேன். வெள்ளிக்குப் போட்டேன். ஆயுசில் எத்தனையோ வேலை செய்திருக்கிறேன், கையால் இவ்வளவு கொடுமையான வேலை எதையும் செய்ததில்லை. இனி அவர் வீட்டில் இருக்கிற நாள் என்று ஒன்று கிடையாது. மாமி நிம்மதியாக எழுந்து போய்ப் படுத்தார்.

அதற்குப் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. அடுத்த வீட்டில் சீரியல் பாட்டு கேட்டதும் மாமி வந்து பெட்டிக்கு முன்னால் உட்காருவார். ஓடாத டி.வி.யின் கீழே அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அது நின்றதும், "புடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொள்வார்.

பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒரு நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். படகு போனதற்கு மறுநாள் விட்டு அடுத்த நாள், அந்தப் புதன்கிழமைப் பதிவு. முன்னால் கூட்டிவைத்த ஐந்து நிமிஷத்தில் செய்தி ஓடியது. எங்கள் கரை. மாமி மணலில் மார்பில் அடித்துக்கொண்டு நிற்கிறார், நான் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். திரையின் மூலையில் அவருடைய மீனவர் அடையாள அட்டைப் படம். அது முடிந்ததும் விளம்பரம், அப்புறம் சீரியல் பாட்டு. அந்த ஐந்து நிமிஷத்தை வெட்டி எடுத்தேன். மாமி பார்க்கக்கூடாது என்று வெட்டினேனா, அவர் வந்து பார்த்தால் வருத்தப்படுவார் என்று வெட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்த வீட்டில் இருந்து இருந்து எனக்கும் புத்தி அப்படிப் போக ஆரம்பித்திருந்தது.

மழைக்காலம் போனது. தவக்காலம் வந்தது, போனது. தடைக்காலம் வந்தது. மீன் குஞ்சு பொரிக்கிற அந்த மாதங்களில் ஒரு விசைப்படகும் கடலில் இறங்காது. தெருவில் எல்லா வீட்டிலும் ஆண்கள் இருந்தார்கள். வேப்பமரத்தடியில் வலை பின்னிக்கொண்டு, பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு, மத்தியானத்தில் குறட்டை விட்டுக்கொண்டு. படகுகள் எல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. எங்கள் பெட்டி மட்டும் ராத்திரிக்கு ராத்திரி விளக்கைத் துடிக்கவிட்டுக்கொண்டிருந்தது. மாமி வாசலில் நின்று அந்தப் படகு வரிசையை வெகுநேரம் பார்ப்பதை நான் கவனித்தேன்.

தடைக்காலத்தின் நடுவிலேயே சீரியல் முடிந்தது. அக்காவும் தங்கச்சியும் ஒருவழியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அடுத்த திங்களிலிருந்து அதே எட்டு மணிக்குப் புது சீரியல். பெட்டிக்கு அது தெரியாது. எட்டு மணி என்று சொல்லியிருக்கிறேன், அது எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கும். நானாக நிறுத்தாதவரை அந்த விளக்கு எத்தனை வருஷமானாலும் துடிக்கும். மாமியிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கிழவிக்கு மிச்சமிருப்பது அந்த விளக்குதான், அதை நான் எப்படி அணைப்பேன்? ஆனால் அது துடிக்கிறவரை எனக்கு அழ அனுமதி கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை மாமி வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். விளக்கு துடித்தது. அடுத்த வீட்டிலிருந்து புதுப் பாட்டு கேட்டது. மாமி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"கத முடிஞ்சிருச்சாமே, கொழாயடியில சொன்னாளுக."

"ஆமா மாமி. சனிக்கெழமையோட முடிஞ்சிருச்சு."

"அப்ப இது எதைப் புடிக்குது?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

"வேற கத மாமி. புதுசு."

மாமி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, அடுப்பை அணைக்கச் சொல்வது மாதிரி சொன்னார்.

"நிறுத்திருத்தா. அது அவன் பாக்காத கத."

மாமி தரையில் கையூன்றி எழுந்து, உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைத் துணியோடு வந்தார். டி.வி.யின் மேல் அதை விரித்து, இரண்டு பக்கமும் சரியாகத் தொங்கும்படி இழுத்துவிட்டார். "காலையில சாமியார்ட்ட போய்ப் பூசைக்குச் சொல்லிட்டு வா" என்றார். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தலையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்தினார். தெருவே வந்து வாசலில் நிற்கும்படி அழுதேன். மாமியும் அழுதார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, மாமியே துணியை எடுத்து மடித்தார். பாயை விரித்தார். வெற்றிலை உரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "போடுத்தா" என்றார்.

பதிவுகளின் வரிசை நீளமாகக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் பாதியில் நிறுத்திய அந்தச் சனிக்கிழமை. அதை அழுத்தினேன். திரையில் கேள்வி வந்து நின்றது.

"என்னா கேக்குது?" என்றார் மாமி.

"விட்ட எடத்துலருந்து போடவா, முதல்லருந்து போடவான்னு கேக்குது மாமி."

அவர் இருந்தால் முதலிலிருந்துதான். என் விரலும் அங்கேதான் போனது.

"வேணாம்" என்றார் மாமி. "அவன் பாத்தத அவன் பாத்துட்டான். மிச்சத்த நாம பாப்போம்."

போட்டேன். பெரியவள் பாதி வார்த்தையிலிருந்து பேசத் தொடங்கினாள். நான் பாத்திரம் தேய்க்க எழுந்து போகவில்லை. மாமியின் தோளோடு தோள் சேர்த்துப் பாயில் உட்கார்ந்துகொண்டேன். பெரியவள் அழுதாள். சின்னவளும் அழுதாள். எதற்கு அழுகிறார்கள் என்று இந்தத் தடவை ஒன்றுவிடாமல் கவனித்துக்கொண்டேன்.